நிறுத்திய பிராண்டின் எஸ்யூவியை வாங்கலாமா? கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒரு பிராண்டை மூடிவிட்டு மற்ற பிராண்டுகளைத் தொடர்ந்து விற்றுவரும் கார் நிறுவனங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

உங்களில் ஒருவர் நிறுத்திவிட்ட பிராண்டின் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி ஒன்று செகண்ட் ஹேண்டில் என்னிடம் வந்திருக்கிறது. வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டேன். இந்த வண்டியின் ஏபிஎஸ் மாட்யூல் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி), டெயில் லைட், முன்பக்கக் கண்ணாடி ஆகியவை இன்னும் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. சேஸிஸ் நம்பரையும் சேர்த்தே அனுப்பினேன். “வணிகரீதியில் சாத்தியமான காலம்வரை உதிரி பாகங்கள் வழங்கப்படும்” என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்குக் கீழே, இப்போது விற்கும் புது எஸ்யூவியை ஓட்டிப்பார்க்க வாருங்கள் என்று ஓர் அழைப்பு.

அந்த ஒரு வரியை நான் பதிலாக ஏற்கவில்லை. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதும் இல்லை. மூடிய பிராண்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

நீங்கள் பிராண்டை மூடியது தவறு என்று சொல்ல வரவில்லை. விற்காத வண்டியைத் தொடர்ந்து செய்யுங்கள் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. என் புகார் வேறு. வண்டி வாங்குபவர் முடிவெடுக்கத் தேவையான விவரம் முழுவதும் உங்கள் கணினியில் இருக்கிறது. எந்தப் பாகம் எத்தனை கிடங்கில் கிடக்கிறது, எதற்கு மறு ஆர்டர் போட்டிருக்கிறீர்கள், எதற்குப் போடவில்லை, எந்தப் பாகம் உங்கள் வேறு எந்த மாடலில் அப்படியே இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. பிராண்டை மூடும்போது அந்த விவரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறீர்கள்.

மூடுவதிலும் பல விதம் உண்டு. 1897-இல் தொடங்கிய ஓல்ட்ஸ்மொபைலை நிறுத்தப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் 2000 டிசம்பரில் அறிவித்தது. கடைசிக் கார் வெளிவந்தது 2004 ஏப்ரலில். இடையில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததால் டீலர்களும் வண்டிக்காரர்களும் யோசித்து முடிவெடுக்க நேரம் கிடைத்தது. அதே நிறுவனத்தின் சாட்டர்னுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கார் டீலர் நிறுவனமான பென்ஸ்கி குழுமம் வாங்கிக்கொள்ளும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று பேச்சு முறிந்தது, அத்தோடு பிராண்டும் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹம்மரைச் சீன நிறுவனம் ஒன்று வாங்குவதாக இருந்து, 2010 பிப்ரவரியில் அதுவும் நடக்காமல் போனது. (பத்து வருடம் கழித்து அந்தப் பெயரை மின்சார வண்டியில் ஒட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெயருக்கு மட்டும் எப்போதும் உயிர் இருக்கிறது.) ஸ்வீடனின் சாப் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலானது.

வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாமே ‘நிறுத்தப்பட்ட பிராண்டு’ தான். செகண்ட் ஹேண்ட் சந்தையும் அப்படித்தான் பார்க்கிறது, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து விலையைக் குறைக்கிறது. வண்டியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஓர் உதாரணம். 2000-களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே அடித்தளத்தில் (சேஸிஸ், சஸ்பென்ஷன் போன்ற அடிப்படைக் கட்டமைப்பு) ஆறு பெயர்களில் எஸ்யூவி செய்தது. செவ்ரோலெட் டிரெயில்பிளேசர், ஜிஎம்சி என்வாய், ப்யூக் ரெய்னியர், ஓல்ட்ஸ்மொபைல் பிராவடா, இசுஸு அசெண்டர், சாப் 9-7எக்ஸ். இவற்றில் ஓல்ட்ஸ்மொபைலும் சாபும் இன்று இல்லை. இசுஸு 2009-இல் அமெரிக்காவில் எஸ்யூவி விற்பதை நிறுத்திக்கொண்டது. ஆனால் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஆறு வண்டியிலும் உண்டு. சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான். ‘செத்த பிராண்டு’ என்று பயந்து பிராவடாவை விட்டு விலகுபவர், அதே எஞ்சினுள்ள டிரெயில்பிளேசரைத் தைரியமாக வாங்குவார். மெர்குரி மவுண்டனீரும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரும், சாட்டர்ன் அவுட்லுக்கும் ஜிஎம்சி அகேடியாவும், பான்டியாக் டொரண்டும் செவ்ரோலெட் ஈக்வினாக்ஸும் இதே கதைதான்; ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது மூடிய பிராண்டு.

இதே குடும்பத்தில் சிக்கலும் இருக்கிறது. சாப் 9-7எக்ஸில் சாவி போடும் இடம் சாப் வழக்கப்படி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் வரும். டிரெயில்பிளேசரில் அப்படி இல்லை. அதாவது எஞ்சினுக்குக் கவலை வேண்டாம், சாவித் துவாரம் பழுதானால் யோசிக்க வேண்டும். சாப் 9-4எக்ஸ் இதைவிடக் கஷ்டம். கேடிலாக் எஸ்ஆர்எக்ஸின் அடித்தளத்தில் 2011-இல் செய்யத் தொடங்கினார்கள், ஆயிரம்கூடத் தேறுவதற்குள் நிறுவனமே போய்விட்டது. அடியில் இருப்பவை கேடிலாக்கில் கிடைக்கும். வெளியே இருக்கும் விளக்குக்கும் பம்பருக்கும் எங்கே போவது? அத்தனை குறைவாகச் செய்த ஒரு வண்டிக்கு வெளிச் சந்தையில் யார் முதலீடு போட்டு விளக்கு வார்ப்பார்கள்?

எண்ணெய் ஃபில்டரும் பிரேக் பேடும் எந்த வண்டிக்கும் எப்படியாவது கிடைத்துவிடும். மெக்கானிக்குகள் அதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. வண்டியை நிறுத்திவைப்பது அந்தப் பிராண்டுக்கென்றே செய்த பாகங்கள்: ஹெட்லைட், டெயில் லைட், பம்பர், கதவு ரப்பர் பீடிங், கண்ணாடி, மீட்டர் கிளஸ்டர், அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக எலக்ட்ரானிக் மாட்யூல்கள். உங்கள் ‘வணிகரீதியில் சாத்தியமான காலம்’ முதலில் கைவிடுவதும் இவற்றைத்தான்.

இதை என் அண்ணன் வண்டியில் பார்த்தேன். அதுவும் ஒரு மூடிய பிராண்டின் எஸ்யூவிதான். பிராண்டு மூடுவதற்கு முன்பே ஷோரூமில் புதிதாக வாங்கியது. யாரோ பின்னால் வந்து இடித்ததில் டெயில் லைட் உடைந்தது. உங்கள் தாய் நிறுவனத்தின் இன்னொரு பிராண்டு டீலரிடம் போனார். “அந்த பிராண்டு எங்கள் சிஸ்டத்திலேயே வராது சார்” என்றார்கள். வண்டியின் அடித்தளத்தில் ஓடும் அதே மாடலைத்தான் அந்த ஷோரூம் வாசலில் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். சரி, விளக்கைப் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் தேடி வாங்கிவிட்டார்.

அடுத்து ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்தது. எங்கள் மெக்கானிக் சக்கர சென்சாரைக் கழற்றிப் பார்த்து, இது வாசலில் நின்ற அந்த மாடலின் சென்சாரேதான் என்று சொன்னார். பார்ட் நம்பர் மட்டும்தான் வேறு. அதை வாங்கிப் போட்டதும் சென்சார் சரியாகிவிட்டது. பிரச்சினை மாட்யூலில். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த மாட்யூல் கைக்கு வந்தது, பொருத்தவும் செய்தார்கள், ஆனால் வண்டி அதை ஏற்கவில்லை. நிறுவனத்தின் ஸ்கேனரை வைத்து அந்த வண்டியோடு பதிவு செய்தால்தான் வேலை செய்யும். ஸ்கேனர் டீலரிடம் இருக்கிறது. டீலர் அந்த பிராண்டுக்குச் செய்ய மாட்டார். செய்யக்கூடாது என்று உங்கள் தரப்பிலிருந்து உத்தரவு இருக்கிறதா, அவரே தவிர்க்கிறாரா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. இந்த இழுபறியில் வண்டி பல வாரங்கள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. கடைசியில் அதே பிராண்டு வண்டியை வைத்திருக்கும் ஒருவர் தன் சொந்த ஸ்கேனரைக் கொண்டுவந்து சில நிமிடங்களில் முடித்துக்கொடுத்தார்.

இதில் கவனியுங்கள். பாகம் இல்லாமல் போகவே இல்லை. சென்சார் உங்கள் கிடங்கில் இருந்தது. மாட்யூலும் கிடைத்தது. இல்லாமல் போனது இரண்டே விஷயம்: எந்த நம்பருக்கு எந்த நம்பர் சரிவரும் என்ற விவரம், பதிவு செய்துகொடுக்க அனுமதி. இரண்டையும் கொடுப்பதற்கு நீங்கள் தொழிற்சாலையைத் திறக்க வேண்டியதில்லை.

“சட்டப்படி பத்து வருடம் பார்ட்ஸ் கொடுத்தாகவேண்டும், பயப்படாமல் வாங்குங்கள்” என்று வண்டி விற்பவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். உலகம் முழுக்க அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே பலரும் நம்புகிறார்கள். அமெரிக்காவின் மத்திய சட்டத்தில் அப்படிப் பொதுவான விதி எதுவும் கிடையாது. நீங்களாக வாக்குக் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் ஹோல்டனை மூடுவதாக 2020 பிப்ரவரியில் அறிவித்தபோது, குறைந்தது 10 ஆண்டுகளுக்கு சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் எண்ணோடு சொன்னது. அந்த எண் போதுமா, சொன்னபடி நடக்கிறதா என்று வாதாடலாம். வாதாடுவதற்கு ஓர் எண்ணாவது கையில் இருக்கிறது. எனக்கு வந்த பதிலில் அதுகூட இல்லை.

சாப் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. கார் செய்யும் நிறுவனம் திவாலானாலும் பாகங்கள் விற்கும் அதன் துணை நிறுவனம் தப்பித்தது. ஸ்வீடன் அரசின் கைக்குப் போய், ஓரியோ என்ற பெயரில் தொடர்ந்து பாகங்களை விற்றது. சாப் வண்டிகள் இன்றும் சாலையில் ஓடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கார் செய்யும் தொழில் படுத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குப் பாகம் விற்கும் தொழில் படுக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பேச்சு சௌகரியத்தைத் தாண்டிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி நழுவி எஞ்சின் அணைந்துவிடும், அப்போது விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாது. ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் ஸ்விட்ச் கோளாறு அது. அதற்கான ரீகால் (குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) 2014 பிப்ரவரியில்தான் தொடங்கியது. பட்டியலில் சாட்டர்ன் அயனும் பான்டியாக் ஜி5-உம் இருந்தன. இரண்டு பிராண்டும் மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தக் கோளாறால் 124 பேர் இறந்ததாக இழப்பீட்டு நிதியமே ஏற்றுக்கொண்டது. டகாடா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளுக்கான ரீகாலிலும் சாப், சாட்டர்ன், பான்டியாக் வண்டிகள் வந்தன. பிராண்டு மூடிய பிறகும் அதன் வண்டியில் உயிருக்கு ஆபத்தான குறை வெளியே வரும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இப்போது ஒரு மூடிய பிராண்டின் வண்டியை மூன்றாவது கை, நான்காவது கை வாங்குபவரை நினைத்துப் பாருங்கள். ரீகால் கடிதம் பழைய முகவரிக்குப் போகும். உங்கள் வலைத்தளத்துக்குப் போனால் பிராண்டுப் பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது. டீலருக்கு போன் செய்தால் ‘சிஸ்டத்தில் வராது’. அமெரிக்கச் சட்டத்தில் ரீகால் பழுதை இலவசமாகச் சரிசெய்து தரும் கடமைக்கும், முதல் விற்பனையிலிருந்து 15 வருடம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. வண்டிக்காரருக்குத் தகவல் எட்டும் முன்பே அந்தக் கடிகாரம் ஓடி முடிந்துவிடலாம்.

மின்சார எஸ்யூவிகளில் நிலைமை இன்னும் மோசம். ஃபிஸ்கர் நிறுவனத்தின் ஓஷன் என்ற மின்சார எஸ்யூவியை வாங்கியவர்களின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2023-இல் வண்டிகள் கைக்கு வர ஆரம்பித்தன, 2024 ஜூனில் நிறுவனம் திவால் மனு போட்டது. வண்டியைச் செய்துகொடுத்தது ஆஸ்திரியாவின் மாக்னா ஸ்டெயர் என்ற அனுபவமுள்ள நிறுவனம். ஆனால் மென்பொருளும் சர்வரும் ஃபிஸ்கருடையது. மீதமிருந்த சுமார் 3,000 வண்டிகளை மொத்தமாக வாங்க ஒப்புக்கொண்ட குத்தகை நிறுவனமே, வண்டிகளின் தகவலைப் புது சர்வருக்கு மாற்ற முடியாது என்று பாதியில் தெரியவந்ததும் நீதிமன்றத்தில் ஆட்சேபம் எழுப்ப வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் வாங்குபவருக்கே அந்த நிலை என்றால், ஒன்றை வாங்குபவர் யாரிடம் போவார்? ரீகால் வேலைக்கான கூலியை வண்டிக்காரர்களே கொடுக்க வேண்டும் என்றுகூட ஒரு கட்டத்தில் ஃபிஸ்கர் சொன்னது. அது சட்டப்படி செல்லாது என்று அமெரிக்க நீதித் துறை எதிர்த்தது. வண்டிக்காரர்கள் தாங்களே சங்கம் அமைத்து, பாகத்துக்கும் மென்பொருளுக்கும் வழி தேட வேண்டியதாயிற்று.

பெட்ரோல் வண்டியில் பிராண்டு மூடினால் பாகம்தான் தீரும். மின்சார வண்டியில் ஒரு சர்வரை அணைத்தால் சாலையில் இருக்கும் எல்லா வண்டியும் ஒரே நாளில் ஏதோ ஒரு வசதியை இழக்கும்.

‘இவ்வளவு பயமிருந்தால் ஏன் வாங்க வேண்டும், புது வண்டியாகப் பார்க்கலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், அந்த அழைப்பு அதைத்தான் சொன்னது. மூடிய பிராண்டின் எஸ்யூவி பல சமயம் உண்மையிலேயே நல்ல பேரம். எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்றும் விற்கும் மாடலில் இருப்பவை, உடல் திடமாக இருக்கிறது, பெயருக்காக மட்டும் விலை விழுந்திருக்கிறது. நீண்ட நாள் வைத்து ஓட்டப்போகிறவருக்கு ரீசேல் மதிப்பு ஒரு பொருட்டே இல்லை. ஒரு பயம் மட்டும் நியாயமானது: வண்டியின் மதிப்பு ஏற்கெனவே குறைந்துவிட்டதால், சின்ன விபத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனம் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதிவிடும். பாகம் கிடைக்கவில்லை என்றால் இன்னும் சீக்கிரம் எழுதும். ஓடக்கூடிய வண்டி ஒன்று, ஒரு விளக்கும் ஒரு பம்பரும் கிடைக்காததால் இரும்புக்குப் போகும்.

என் அளவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் மாடல் இன்னும் விற்பனையில் இருக்க வேண்டும், அல்லது லட்சக்கணக்கில் விற்றிருக்க வேண்டும். மாட்யூல்களை வெளி மெக்கானிக் பதிவு செய்ய வழி இருக்க வேண்டும். சர்வரை நம்பி ஓடும் வண்டியாக இருக்கக்கூடாது. முன்பக்கக் கண்ணாடியை வெளி நிறுவனம் ஏதாவது செய்ய வேண்டும். இவை நான்கும் இருந்தால் வாங்குவேன், விலை எவ்வளவு குறைந்தாலும் இதில் ஒன்று இல்லாவிட்டால் வாங்க மாட்டேன். இந்த நான்கு கேள்விக்கும் விடை தெரிந்தவர்கள் நீங்கள். நானோ ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மூடிய பிராண்டின் விவரங்களைக் கொடுத்தால் போட்டியாளர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று உங்கள் வழக்கறிஞர்கள் சொல்லக்கூடும். செய்வதையே நிறுத்திவிட்ட டெயில் லைட்டில் என்ன வணிக ரகசியம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் 2018/858 விதிமுறை, பழுதுபார்ப்புக்கான விவரங்களை வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கொடுக்கச் சொல்கிறது. அங்கே கொடுக்க முடிந்ததை மற்ற இடங்களில் கொடுக்க முடியாது என்பது நம்பும்படியாக இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. முதலாவதாக, மூடிய ஒவ்வொரு பிராண்டுக்கும், எந்தப் பாகம் எந்த வருடம்வரை கிடைக்கும் என்ற பட்டியலை வெளியிடுங்கள். ஒரு பாகத்தின் தயாரிப்பை நிறுத்தும் முன் கடைசி ஆர்டருக்கான தேதியை ஒரு வருடம் முன்னதாக அறிவியுங்கள். தேவைப்படுபவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மூடிய பிராண்டின் பார்ட் நம்பருக்கு எதிரே, இன்னும் விற்கும் மாடலின் எந்தப் பார்ட் நம்பர் பொருந்தும் என்ற ஒப்பீட்டு அட்டவணையைப் பொதுவில் வையுங்கள். இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உங்களுக்குச் செலவு மிகக் குறைவு, எங்களுக்குப் பலன் மிக அதிகம்.

மாட்யூலையும் சாவியையும் பதிவு செய்யும் மென்பொருளையும் அதற்கான அனுமதியையும், டீலர் ஒப்பந்தம் முடியும் அதே நாளில் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குத் திறந்துவிடுங்கள். திருட்டு பயம் இருந்தால் ஒர்க்‌ஷாப்புகளின் அடையாளத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள், மறுக்காதீர்கள். சர்வரை நம்பி ஓடும் வண்டி என்றால், சர்வரை அணைக்கும் முன் அது இல்லாமலே எல்லா அடிப்படை வசதியும் இயங்கும் மென்பொருளை வண்டிகளில் ஏற்றிவிடுங்கள்.

நீங்கள் இனி செய்யப்போவதில்லை என்று முடிவுசெய்த விளக்கு, பம்பர், ரப்பர் பீடிங் ஆகியவற்றின் அச்சுகளையும் வரைபடங்களையும் உடைத்துப் போடாமல், செய்ய முன்வரும் சிறு நிறுவனங்களுக்கு உரிமத்தோடு விற்றுவிடுங்கள்.

ரீகால் தேடும் பக்கத்தில் மூடிய பிராண்டுகளின் பெயரையும் சேருங்கள். 17 இலக்க சேஸிஸ் நம்பரைப் போட்டால் பதில் வர வேண்டும். தாய் நிறுவனத்தின் எந்த டீலரும் அந்த வேலையை மறுக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு கொடுங்கள். அந்த உத்தரவின் நகலை ஷோரூமில் ஒட்டச் சொல்லுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்கு என்ன காரணம் என்பதை ஒவ்வொரு பிராண்டின் பெயரையும் குறிப்பிட்டு 90 நாட்களுக்குள் உங்கள் வலைத்தளத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘வணிகரீதியில் சாத்தியமான காலம்’ என்ற சொற்றொடர் அதில் வருமானால், அது எத்தனை வருடம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
வண்டி வாங்கும் முடிவைத் தள்ளிவைத்திருக்கும் ஒருவர்